வெப்கேமுக்கு அகச்சிவப்புப் பார்வை: ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்தால் என்ன தெரியும், என்ன தெரியாது

டிவி ரிமோட்டை வெப்கேமுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினால், திரையில் ரிமோட்டின் நுனியில் மங்கலாக ஓர் ஊதாப் புள்ளி மினுக்கும். வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. பெரும்பாலான ரிமோட்டுகள் உமிழ்வது 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. மனிதக் கண்ணின் எல்லை ஏறக்குறைய 700-லேயே முடிந்துவிடுகிறது. கேமராவுக்குள் இருக்கும் சிலிக்கான் சென்சாருக்கோ 1100 வரை பார்வை உண்டு. அப்படியிருந்தும் புள்ளி மங்கலாகத் தெரியக் காரணம், லென்ஸுக்குப் பின்னால் தயாரிப்பாளர் ஒட்டிவைத்திருக்கும் ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லு. அகச்சிவப்பில் பெரும்பகுதியை அது தடுத்துவிடுகிறது. தடுக்காவிட்டால் முகங்கள் வெளிறிப்போகும், கறுப்புச் சட்டை மெரூன் நிறத்தில் விழும். வீடியோ அழைப்புக்கு அந்தச் சில்லு அவசியம்.

ஊரடங்குக் காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய வெப்கேம்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் இழுப்பறைகளில் சும்மா கிடக்கின்றன. ஓலைச்சுவடி படிப்பது, பயிரின் பசுமையைப் பார்ப்பது, இருட்டில் ஓர் ஆமைமுட்டைப் பொரிப்பகத்தைக் கண்காணிப்பது என்று அவற்றுக்கு வேறு வேலை கொடுக்க முடியும். கேமராவை மாற்ற ஒரு மணி நேரம் போதும். படத்தில் தெரிவது எந்த ஒளி என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

வெப்பம் தெரியாது

மாற்றிய வெப்கேம் உடல் சூட்டைக் காட்டாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கேமராவைப் பிரித்துவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய. மனித உடலின் வெப்பநிலை சுமார் 310 கெல்வின். அந்தச் சூட்டில் உமிழப்படும் கதிர்வீச்சு உச்சம் தொடும் இடம் 9.3 மைக்ரோமீட்டர், அதாவது 9,300 நானோமீட்டர். சிலிக்கானில் ஒரு எலக்ட்ரானை விடுவிக்க ஒளித்துகளுக்குக் குறைந்தது 1.12 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். 1,100 நானோமீட்டருக்கு அப்பால் அந்த ஆற்றல் இருப்பதில்லை. போதாக்குறைக்கு, லென்ஸின் கண்ணாடியே அந்த நீண்ட அலைகளை உள்ளே விடாது. 400 டிகிரி செல்சியஸில் இருக்கும் சால்டரிங் அயர்ன் நுனியை முழு இருட்டில் லேசான ஒளியாகப் பார்க்கலாம். அதைவிட வெகுவாகச் சூடு குறைந்தவை தெரியாது. மோட்டார் சூடாகிறதா, ஃபியூஸ் கேரியர் கொதிக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் ஏஎம்ஜி8833 அல்லது எம்எல்எக்ஸ்90640 போன்ற வெப்ப சென்சார்களை வாங்குங்கள். முன்னது 64 புள்ளிகளையும் பின்னது 768 புள்ளிகளையும் அளக்கும். வெப்கேமை நோண்டி அந்த வேலை நடக்காது.

வெப்கேம் காண்பது, வேறெங்கிருந்தோ வந்து பொருளின் மேல் பட்டுத் திரும்பும் அருகு அகச்சிவப்பு ஒளி. ஆகவே அந்த ஒளி முதலில் இருக்க வேண்டும். வெயிலில் தாராளமாக இருக்கிறது, பழைய குண்டு பல்பிலும் இருக்கிறது. இன்றைக்கு வீடுகளில் எரியும் எல்இடி பல்பிலும் சிஎஃப்எல்லிலும் ஏறக்குறைய இல்லை. இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் சோதித்துப் பார்த்து, திரை இருண்டு கிடக்கிறதே, சென்சார் போய்விட்டதோ என்று பயப்படுவது இதனால்தான். ஜன்னலருகே பகலில் பாருங்கள்.

பிரிப்பது

எடுத்தவுடன் விலை உயர்ந்த கேமராவில் கை வைக்க வேண்டாம். லாஜிடெக் சி270 போன்ற நிலையான ஃபோகஸ் கொண்டவை சுலபம். சி920 போன்ற ஆட்டோஃபோகஸ் வகைகளில் லென்ஸைச் சுற்றி மெல்லிய கம்பிச்சுருளும் ஸ்பிரிங்கும் இருக்கும். லேசாக வளைந்தாலும் ஃபோகஸ் திரும்ப வராது. லென்ஸ் வளையத்தைக் கையால் திருகி ஃபோகஸ் செய்யும் மலிவு வெப்கேம்தான் இந்த வேலைக்கு எல்லாவற்றையும்விட நல்லது. அவற்றில் பலவற்றின் லென்ஸ் 12 மில்லிமீட்டர் விட்டமும் அரை மில்லிமீட்டர் மரைப் புரியும் கொண்டது. அதாவது ஒரு முழுத் திருகலுக்கு லென்ஸ் அரை மில்லிமீட்டர் நகரும். இந்த அரை மில்லிமீட்டர் பின்னால் கணக்குக்கு உதவும்.

சிறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பழைய சிம் கார்டு, கூர்முனை ட்வீசர், பிளேடு கத்தி, காது குடையும் பஞ்சுக்குச்சி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காற்று ஊதும் ரப்பர் பந்து: இவ்வளவு போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி சென்சார் கண்ணாடியில் பட்டுக் காய்ந்தால் ஒவ்வொரு படத்திலும் ஒரு கறை நிற்கும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். முன்மூடியின் இடுக்கில் சிம் கார்டை நுழைத்துச் சுற்றிவந்தால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும். திருகு தெரியாவிட்டால் ஸ்டிக்கருக்கு அடியிலோ ரப்பர் பாதத்துக்கு அடியிலோ தேடுங்கள்.

லென்ஸ் மரையில் ஒரு சொட்டுப் பசை இருந்தால் ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடாக்கிவிட்டு, பிளேடு நுனியால் சுரண்டி, இடப்புறமாகத் திருகுங்கள். லென்ஸ் வெளியே வந்ததும், சென்சார் இருக்கும் பலகையைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். தூசி மேலிருந்துதான் விழும்.

இனி அந்தச் சில்லைத் தேடலாம். லென்ஸ் குழலின் பின்முனையில், சதுரமாகவோ வட்டமாகவோ, அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிதாக ஒட்டப்பட்டிருக்கும். சாய்த்துப் பார்த்தால் சிவப்பும் பச்சையுமாகப் பளபளக்கும். அதன் வழியே வெள்ளைத்தாளைப் பார்த்தால் தாள் இளநீலமாகத் தெரியும். சில கேமராக்களில் சில்லு லென்ஸில் இருக்காது. சென்சாருக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் கூட்டின் அடியில் இருக்கும். அப்போது கூட்டின் இரண்டு திருகுகளைக் கழற்ற வேண்டும். எங்குமே சில்லு இல்லை, ஆனால் லென்ஸே சிவப்பாக மின்னுகிறது என்றால், தடுப்புப் பூச்சு லென்ஸின் மேலேயே இருக்கிறது. அதை நீக்க முடியாது. அதே மரை அளவில் பூச்சு இல்லாத லென்ஸ் ஒன்றை மாற்றிப் போடலாம்.

கேமரா சாவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். சென்சாருக்கு மேலேயும் ஒரு கண்ணாடி மூடி உண்டு. நிறமில்லாத வெறும் கண்ணாடி. அதைத் தடுப்புச் சில்லு என்று நினைத்துக் கத்தியால் நெம்பினால், அடியில் இருக்கும், தலைமுடியைவிட மெல்லிய இணைப்புக் கம்பிகள் அறுந்துவிடும். நிறம் காட்டாத கண்ணாடியைத் தொடவே கூடாது.

சில்லின் ஓரத்தில் பசை இருக்கும் கோட்டில் கத்தி நுனியைப் பதித்து மெல்ல நெம்புங்கள். முழுசாக வந்தால் பத்திரப்படுத்துங்கள்; கேமராவைப் பழையபடி ஆக்க அது வேண்டும். உடைந்தால் உடையட்டும். ஆனால் துண்டுகள் லென்ஸின் பின்கண்ணாடியைக் கீறாதபடி, குழலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ட்வீசரால் எடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்வது கட்டாயம்.

மாட்டியபின் படம் ஏன் மங்குகிறது

0.3 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு கண்ணாடி, தன் வழியே போகும் ஒளி குவியும் இடத்தை அதன் கனத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பின்னுக்குத் தள்ளும். அதை எடுத்துவிட்டால் பிம்பம் 0.1 மில்லிமீட்டர் முன்னாலேயே விழும். அரை மில்லிமீட்டர் புரி கொண்ட மரையில் இது ஐந்தில் ஒரு பங்குத் திருகல், லென்ஸை உள்நோக்கி. ஆனால் அகச்சிவப்பு, கண்ணாடியில் குறைவாகவே வளைகிறது; அதனால் பிம்பம் பின்னால் போகிறது, லென்ஸை வெளிநோக்கித் திருக வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டும். எவ்வளவு என்பது லென்ஸுக்கு லென்ஸ் மாறும். ஆகவே பயன்படுத்தப் போகும் அதே வடிகட்டி, அதே விளக்கு, அதே தூரம் எல்லாவற்றையும் அமைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி திருகுவதுதான் சரி. வெயிலில் வடிகட்டி இல்லாமல் பார்த்தால் இரண்டு ஒளியும் கலந்து விழும். அங்கே முழுக் கூர்மை எப்படித் திருகினாலும் கிடைக்காது.

லென்ஸைத் திருகவே முடியாத மாடல்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மருத்துவப் பரிசோதனைக் கூடங்களுக்குப் பொருள் விற்கும் கடையில் மைக்ராஸ்கோப் கவர் ஸ்லிப் கிடைக்கும். ஒன்று சுமார் 0.15 மில்லிமீட்டர் கனம். எடுத்த சில்லின் கனத்துக்கு ஏற்ப ஒன்றோ இரண்டோ வெட்டி அதே இடத்தில் வைத்தால், ஃபோகஸ் பழைய இடத்துக்கு அருகே திரும்பிவிடும்.

தெரியும் ஒளியைத் தடுப்பது

அகச்சிவப்பை உள்ளே விட்டாயிற்று. இனிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வெளியே நிறுத்த வேண்டும். காசு செலவழிக்கத் தயாரென்றால் 720 அல்லது 850 நானோமீட்டர் என்று எழுதியிருக்கும் கேமரா வடிகட்டி வாங்கலாம். செலவில்லாத வழி பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் கிடக்கிறது: கழுவிய கலர் நெகட்டிவின் தொடக்கத்தில் வெளிச்சம் பட்டுக் கறுத்துப்போன முனை. இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து லென்ஸின் முன்னால் ஒட்டினால் போதும். கலர் நெகட்டிவின் கறுப்பு சாயத்தால் ஆனது. அந்தச் சாயங்கள் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை. கறுப்பு-வெள்ளை நெகட்டிவும் எக்ஸ்ரே பிலிமும் உதவாது, அவற்றின் கறுப்பு வெள்ளித் துகள்களால் ஆனது. இரண்டு ஒளியையும் சேர்த்தே தடுக்கும். பழைய 3.5 அங்குல ஃபிளாப்பியின் உள்வட்டும் வேலை செய்யும், படம் கொஞ்சம் மங்கும்.

இதே காரணத்தால் ஓர் எச்சரிக்கை. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணம் போன்ற நாட்களில் நெகட்டிவ் துண்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கும் பழக்கம் நம்மூரில் இன்னும் இருக்கிறது. கலர் நெகட்டிவ் வெளிச்சத்தை மட்டுமே குறைக்கிறது; சூரியனின் அகச்சிவப்பு அப்படியே விழித்திரைக்குப் போகிறது. விழித்திரை சுடும்போது வலிக்காது. குழந்தைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

விளக்கு

இரண்டு வகை எல்இடிகள் எளிதில் கிடைக்கும். 850 நானோமீட்டர் வகை, சென்சாருக்கு நன்றாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் மங்கிய சிவப்புத் தணல் கண்ணுக்கும் தெரியும். 940 வகை கண்ணுக்கு அறவே தெரியாது, சென்சாரின் உணர்வும் அங்கே பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். காற்றிலுள்ள நீராவி 940-ஐ ஒட்டிய சூரிய ஒளியை உறிஞ்சிவிடுவதால், கடலோர ஈரக்காற்றில் பகல் நேரக் குறுக்கீடு அந்த வகைக்குக் கொஞ்சம் குறைவு.

யுஎஸ்பி தரும் 5 வோல்ட்டில் இரண்டு எல்இடிகளைத் தொடராக இணைத்து ஒரு 47 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 1.4 வோல்ட் விழும், மீதி 2.2 வோல்ட், மின்னோட்டம் 47 மில்லிஆம்பியர். ரெசிஸ்டரில் 0.1 வாட்தான் என்பதால் கால் வாட் ரகம் தாராளம். இப்படி மூன்று வரிசை, ஆறு எல்இடி, மொத்தம் 140 மில்லிஆம்பியர். கேமராவோடு சேர்த்தும் யுஎஸ்பி 2.0-வின் 500 மில்லிஆம்பியர் எல்லைக்குள் அடங்கும். மூன்று எல்இடிகளைத் தொடராகப் போட்டால் ரெசிஸ்டருக்கு மிஞ்சும் வோல்ட் மிகக் குறைவு. கேபிள் நீண்டு மின்னழுத்தம் சற்றுச் சரிந்தாலே விளக்கு மங்கிவிடும்.

வெப்கேமிலேயே இருக்கும் வெள்ளை எல்இடிகளைக் கழற்றிவிட்டு அகச்சிவப்பு எல்இடிகளைப் பொருத்துகிறவர்கள் ரெசிஸ்டரையும் மாற்ற வேண்டும். வெள்ளைக்கு 3.2 வோல்ட் கணக்கில் 20 மில்லிஆம்பியருக்கென்று வைத்த 90 ஓம், அகச்சிவப்புக்கு 40 மில்லிஆம்பியர் விடும். எல்இடி அதைத் தாங்கும். பலகையில் கடுகளவு ஒட்டியிருக்கும் 0.1 வாட் ரெசிஸ்டர் தாங்காது, சில வாரங்களில் கருகும். சக்திவாய்ந்த எல்இடியைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கவும் கூடாது. வெளிச்சம் தெரியாததால் கண்மணி சுருங்காது.

மென்பொருளில் தானியங்கி எக்ஸ்போஷர், தானியங்கி ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் முதலில் அணைத்துவிடுங்கள். கேமரா தன் பாட்டுக்கு நிறத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தால் ஒரு படத்தை மற்றொன்றோடு ஒப்பிட முடியாது. லினக்ஸில் ஜியுவிசிவியூ, விண்டோஸில் ஓபிஎஸ் என்ற மென்பொருள்கள் வழியாகவே இந்த அமைப்புகளுக்குப் போகலாம். 850-ல் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஒளி பெறும். படம் சாம்பலாக வருவது இயல்பு, கோளாறு இல்லை.

ஓலை

புதுச்சேரிக்கு இந்த நுட்பத்தில் தனி அக்கறை இருக்க வேண்டும். 1955-ல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பெரும் ஓலைச்சுவடித் தொகுப்பு ஒன்று இருக்கிறது. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இடம்பெற்றன. அங்குள்ளவை தேர்ந்த கைகளில் இருக்கின்றன. கவலை, வீட்டுப் பரணில் கிடந்து பழுப்பேறும் வைத்தியச் சுவடிகளையும் சோதிடச் சுவடிகளையும் பற்றியது.

எழுத்தாணியால் கீறிய எழுத்தில் விளக்குக்கரி தடவி மையாடியிருப்பார்கள். கரி அகச்சிவப்பை உறிஞ்சும், படத்தில் கறுப்பாகவே நிற்கும். ஓலையின் பழுப்பும் எண்ணெய்க் கறையும் பெருமளவு வெளிறிவிடும். கண்ணுக்குக் கறுப்பின் மேல் கறுப்பாகத் தெரிந்த எழுத்து, சாம்பல் வெளியில் எழுந்து நிற்கும். மையாடாத ஓலைக்கு இந்த முறை பயன்படாது. அதற்குப் பக்கவாட்டில் தாழ்வாக விளக்கு வைத்துக் கீறலின் நிழலைப் பிடிப்பதே வழி.

1280 புள்ளி அகலமுள்ள படத்தில் 10 சென்டிமீட்டர் ஓலையை நிரப்பினால் மில்லிமீட்டருக்கு 12 புள்ளிக்கு மேல் கிடைக்கும், எழுத்துக்கு அது போதும். 40 சென்டிமீட்டர் ஓலையை ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்படி ஐந்து துண்டுகளாக எடுங்கள். குவியத்தூரம் 4 மில்லிமீட்டர் உள்ள லென்ஸ், 10 சென்டிமீட்டர் தூரத்துக்கு ஃபோகஸாக மூன்றில் ஒரு பங்குத் திருகல் வெளியே வந்தால் போதும். எல்இடிகளை இருபுறமும் 45 டிகிரியில் வையுங்கள். நேரே வைத்தால் ஓலையின் மினுப்பு எழுத்தை அழித்துவிடும். குண்டு பல்பு வேண்டாம், சூட்டில் ஓலை சுருளும். வளைந்த ஓலையை மேலே கண்ணாடி வைத்து அமுக்காதீர்கள், முறியும்.

இலை

பச்சையம் சிவப்பொளியை உறிஞ்சுகிறது. 700-ஐத் தாண்டினால் உறிஞ்சுவதில்லை. இலைக்குள் செல்களுக்கு இடையே இருக்கும் காற்றிடைவெளிகள் அந்த ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் பிச்சாவரத்தில் பகலில் எடுத்த அகச்சிவப்புப் படத்தில் சுரபுன்னைக் காடு வெண்மையாகவும், அகச்சிவப்பை உறிஞ்சும் நீர் மை போலவும் விழும். இந்த வேறுபாட்டைத்தான் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. இந்தியாவின் ஐஆர்எஸ்-1ஏ 1988 மார்ச்சில் ஏவப்பட்டது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு என்டிவிஐ என்று பெயர்.

ஒரே வெப்கேமில் இதைப் போலச் செய்ய, கறுப்பு நெகட்டிவுக்குப் பதிலாகச் சிவப்பைத் தடுத்து அகச்சிவப்பை விடும் நீல ஜெல் தாள் வேண்டும். ராஸ்கோ நிறுவனத்தின் 2007 என்ற எண்ணுள்ள தாள் அதற்குப் பெயர்பெற்றது. 2013-ல் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிக்காக வந்த, தடுப்புச் சில்லு இல்லாத நோஐஆர் கேமராவுடன் இதே நீலத் தாளைத்தான் கொடுத்தார்கள். அப்போது சிவப்புப் புள்ளிகளில் அகச்சிவப்பும், நீலப் புள்ளிகளில் பெரும்பாலும் நீலமும் பதியும். சிவப்பின் இடத்தில் நீலத்தைப் போட்டு அதே கணக்கு. நீலப் புள்ளிகளிலும் அகச்சிவப்பு கசியும் என்பதையும், வெப்கேம் தன் படத்தின் எண்களை வளைத்துச் சுருக்கித் தருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. இந்த எண்ணைச் செயற்கைக்கோள் எண்ணோடு வைத்துப் பேச முடியாது. ஒரே வயலை, நாளின் ஒரே நேரத்தில், ஒரே அமைப்பில் எடுத்த படங்களுக்குள் ஒப்பிடலாம், அவ்வளவே. ஒவ்வொரு படத்திலும் ஒப்பிடுவதற்கென்று ஒரு வெள்ளைப் பரப்பு இருக்கட்டும். சாதாரண வெள்ளைத்தாளில் நீலத்தைக் கூட்டும் பொருள் கலந்திருக்கும், அதனால் அது உதவாது. பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பை ஓர் அட்டையில் பதினைந்து சுற்று சுற்றினால், தெரியும் ஒளியையும் அகச்சிவப்பையும் கிட்டத்தட்டச் சமமாகத் திருப்பும் பரப்பு கிடைக்கும்.

கண்ணுக்குத் தெரியுமுன்பே பயிரின் நோயை வெப்கேம் கண்டுபிடித்துவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். முதல் மாற்றம் பெரும்பாலும் 700-க்கும் 740-க்கும் இடையே ஒரு குறுகிய பட்டையில் வரும். நீல ஜெல் வைத்த வெப்கேமால் அதைப் பிரித்தறிய முடியாது. இடைவெளி விழுந்த நாற்று, தண்ணீர் ஏறாத மேட்டுப் பகுதி, புயலுக்குப் பின் துளிர்க்கும் முந்திரி எது, பட்டது எது என்பவற்றை அது தெளிவாகக் காட்டும். காரணத்தைச் சொல்லாது. தழைச்சத்துக் குறைவா பூச்சியா என்று அறிய வயலுக்குள் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

இரவில், கடற்கரையில்

கடலூர், புதுச்சேரிக் கரைகளில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. குஞ்சுகள் வெளிச்சம் கண்ட திசையில் ஓடும். டார்ச் அடித்தால் கடலுக்குப் பதில் சாலைக்குப் போகும். பொரிப்பகத்தைக் கண்காணிக்க 940 வகை எல்இடிதான் பொருத்தம், 850-ன் சிவப்புத் தணலைக்கூடத் தவிர்க்கலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்பதால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் அருகே எதையும் வைக்கக் கூடாது.

கேமராவைப் பெட்டிக்குள் வைத்தால் எல்இடிகளையும் லென்ஸையும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் வைக்காதீர்கள்; ஒளி உள்ளேயே எதிரொளித்துப் படம் முழுதும் பனிமூட்டமாகும். இரண்டுக்கும் நடுவே கறுப்பு ஸ்பாஞ்சுச் சுவர் வேண்டும். அந்த ஸ்பாஞ்சு அகச்சிவப்பிலும் கறுப்புதானா என்று முதலில் கேமராவிலேயே பாருங்கள், பல கறுப்புப் பொருட்கள் அதில் வெளிறித் தெரியும். சிலந்தி விளக்கின் முன் வலை பின்னினால் ஒவ்வோர் இழையும் வெள்ளைக் கோடாக எரியும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம், சால்டர் இணைப்புகளின் மேல் நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. கடலை ஒட்டி வைத்த கண்ணாடியில் ஓரிரு நாளிலேயே உப்புப் படலம் படியும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் முதலில் ஒற்றியெடுங்கள், உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறிவிடும்.